அவர் போன பிறகும் நிற்காத ரத்தம்

குணா,

போன ஞாயிற்றுக்கிழமை மலர் எனக்கு போன் செய்தாள். கல்யாணப் புடவை பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் குரல் அப்படி இல்லை. "அத்தை, அவரு கொய்யாப்பழம் கடிச்சாரு. கடிச்ச இடமெல்லாம் ரத்தம். என்னன்னு கேட்டா, எங்க வீட்டு வாய் அப்படித்தான், அம்மாவுக்கும் அப்படித்தான்னு சிரிக்கிறாரு" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, நீ அவளிடம் சொன்ன இன்னொன்றையும் சொன்னாள். "என் கைய நம்பாத, இது எங்கப்பா கைன்னு சொல்றாரு அத்தை. கல்யாணத்தத் தள்ளி வைக்கலாமான்னும் கேக்குறாரு." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

ரத்தத்தைப் பற்றியும் கையைப் பற்றியும் உன்னிடம் ஒருநாள் பேசத்தான் வேண்டும் என்று இருந்தேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு இந்த விரல்கள் பிடித்ததெல்லாம் நம் பத்து பாகாட் ஊர் ஃபேக்டரியின் தையல் மிஷினைத்தான். எழுத்து கோணலாக இருக்கும். பொறுமையாகப் படி.

உன் அப்பா என்னை அடித்தது எப்போதும் வாயில்தான். நீயே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாய். மோதிரம் போட்ட கையின் புறங்கையால் அடிப்பார். "இந்த வாய்தான்டி. இந்த வாயத்தான் உடைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அடிப்பார். நான் பதில் பேசுகிறவள். பேசாமல் இருந்தாலும், அதுவும் அவருக்கு ஒரு பதிலாகத்தான் தெரிந்தது. ஒருமுறை, நீ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த வருஷம், குழம்பில் உப்பு போதவில்லை என்று என் கொண்டையைப் பிடித்து இழுத்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் முகத்தை மோதினார். தாடைக்குள் ஏதோ முறிகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. குழாயைத் திறந்துவிட்டு, ரத்தம் போகும் வரைக்கும் துப்பிக்கொண்டே நின்றேன். நீ வாசலில் வந்து நின்றாய். "ஒண்ணுமில்லப்பா, போய்ப் படி" என்றேன். மறுநாள் ஃபேக்டரியில், குளியலறையில் வழுக்கிவிட்டது என்றேன். யாரும் நம்பவில்லை. யாரும் மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

இதை உன் மனத்தைக் கிளறுவதற்காகச் சொல்லவில்லை. ஒன்றை நீ புரிந்துகொள்ள வேண்டும். வாயில் ரத்தம் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. காலையில் பல் விளக்கும்போது ரத்தம் வந்தால், நேற்று வாங்கியது. நேற்று எதுவும் நடக்கவில்லையென்றால், போன வாரம் வாங்கியது. ஈறு வீங்கினால் அவர் கை. பல் ஆடினால் அவர் கை. என் உடம்பில் வேறு எதுவும் கெட்டுப்போக முடியும் என்றே எனக்குத் தோன்றவில்லை. எல்லாக் கணக்கையும் அவர் பெயரில் எழுதிவிட்டு, பல் கிளினிக் பக்கமே போகாமல் இருந்தேன். போனால் எப்படி ஆயிற்று என்று கேட்பார்கள் அல்லவா?

பிறகு நீ வேலைக்குப் போனாய், தோள் அகன்றது. ஒருநாள் அவர் ஓங்கிய கையை நீ காற்றிலேயே பிடித்தாய். பிடித்த கையை விடாமல் அவரைத் தள்ளிக்கொண்டே போய்க் கதவில் மோதினாய், கதவு சட்டத்தோடு பெயர்ந்தது. அவருடைய துணிகளைக் குப்பைப் பையில் அடைத்து ரோட்டில் எறிந்தாய். "இனிமே இந்தப் பக்கம் வந்தீங்கன்னா நான் பையன்னு பாக்க மாட்டேன்" என்றாய். அவர் ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போய், தான் லோரி ஓட்டிய மண்பாண்டக் கடையின் பின்னாலேயே தங்கிவிட்டார்.

வீடு அமைதியானது. கதவை மாற்றினோம். சத்தமில்லாத வீட்டில் தூங்குவதற்கே எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. ஆனால் குணா, ரத்தம் நிற்கவில்லை. யாரும் அடிக்காத வாயிலிருந்து தினமும் காலையில் ரத்தம் வந்தது. பழைய காயம் ஆறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பற்களுக்கு நடுவே சந்து விழுந்தது. ஈறு கீழே இறங்கி, பற்கள் நீளமாகத் தெரிந்தன. வாயில் நாற்றம் வந்தது. பக்கத்து மிஷின்காரி முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்து, பேசும்போது கையால் வாயை மறைக்கப் பழகினேன். தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை, ஃபேக்டரி சூடு என்றேன். ஓயாமல் கழிவறைக்கு ஓடினேன், வயசாகிறது என்றேன். உடம்பு இளைத்தது. "அவரு போனதும் நீங்க அழகாயிட்டீங்கக்கா" என்று சொன்னார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

அந்தக் காலைக்கு வருகிறேன். முதல்நாளே வலது கன்னம் வீங்கத் தொடங்கியிருந்தது. விடிந்து எழுந்தபோது ஒரு கண் மூடிக்கொண்டது. உதடு தடித்து, கன்னம் கருநீலமாக இருந்தது. வாயைக் கொப்பளித்தபோது கீழ்ப்பல் ஒன்று தானாகக் கழன்று தொட்டியில் விழுந்தது. அதன் பின்னாலேயே சீழும் ரத்தமும் வந்தன. நான் அதைக் கழுவுவதற்குள் நீ ராத்திரி வேலை முடிந்து உள்ளே வந்துவிட்டாய். என் முகத்தைப் பார்த்தாய். தொட்டியைப் பார்த்தாய்.

"அவரு வந்தாரா?"

என்னால் பேச முடியவில்லை. நாக்குக்கு அடியிலும் வீங்கியிருந்தது. தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"பொய் சொல்லாதீங்கம்மா. அவரு வந்தாரா இல்லையா?"

மறுபடியும் இல்லை என்று ஆட்டினேன். உன் சட்டையைப் பிடித்தேன். நீ நம்பவில்லை, உன்னை நான் எப்படிக் குறை சொல்வேன்? உன் சின்ன வயசிலிருந்து இதே முகத்தோடு நின்று, இதே மாதிரி தலையை ஆட்டி, ஒண்ணுமில்லை என்று சொன்னவள் நான்தானே. வாழ்க்கையில் முதல் தடவையாக அது உண்மையாக இருந்தது. நீ என் விரல்களைப் பிரித்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனாய். மோட்டார் சத்தம் ஆயர் ஈத்தாம் பக்கம் திரும்புவதைக் கேட்டேன். வாசலுக்கு ஓடினேன், அங்கேயே விழுந்தேன். எதிர்வீட்டு மலாய்க்காரத் தம்பிதான் தூக்கிக் காரில் போட்டு அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோனான்.

ஆயர் ஈத்தாமில் நடந்ததை நீ என்னிடம் சொன்னதேயில்லை. கடைக்காரச் சீனர் சொன்னார். உன் அப்பா அப்போதுதான் லோரியிலிருந்து இறங்கி, பூந்தொட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாராம். நீ எதுவும் பேசாமல் ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தாயாம். அவர் தொட்டிகள் மேல் சாய்ந்தார். அவை அடுக்கு அடுக்காகச் சரிந்து உடைந்தன. ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவே அவரைப் போட்டு, மேலே உட்கார்ந்து, வாயிலேயே அடித்தாயாம். "நான் வரலடா, நான் வரலடா" என்று அவர் கத்தியது உன் காதில் விழவில்லை. கடைக்காரர் பின்னாலிருந்து உன் கழுத்தைப் பிடித்து, தனக்குத் தெரிந்த தமிழில் கூவினார்: "அவன் நேத்தே லோரியில குவாந்தான் ஊருக்குப் போய்ச்சி! இப்பதான் வந்தான்! எப்படி அடிப்பான்?" அப்போதுதான் நீ நிறுத்தினாயாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தாயாம். ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாய். இதுவரைக்கும் உனக்கும் தெரியும். இனி எழுதுவது உனக்குத் தெரியாதது.

மருத்துவமனையில் என்னைப் பார்த்த பல் டாக்டர் நம் தமிழ்ப் பெண். சின்னப் பெண்தான். திரையை இழுத்து மூடிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்ட்டி, உண்மையச் சொல்லுங்க. யாரு அடிச்சா?" என்று கேட்டாள். வாழ்க்கை முழுக்க நான் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்த கேள்வி. யாரும் அடிக்காத நாளில் வந்து சேர்ந்தது. தாதி விரலைக் குத்தி, சொட்டு ரத்தத்தைச் சின்ன மிஷினில் வைத்தாள். அதைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு எல்லோரும் வேகமாக நடந்தார்கள். கையில் ஊசி ஏறியது. தாடையைப் படம் எடுத்தார்கள்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் எனக்குக் காட்டினாள். "உங்களுக்கு இனிப்புநீர் இருக்கு ஆண்ட்டி. இன்னிக்கு வந்தது இல்ல, ரொம்ப வருஷமா இருக்கும். சக்கரை ஏறிக்கிட்டே இருந்தா ஈறுல கிருமி பிடிக்கும், பிடிச்சா சீக்கிரம் ஆறாது. உள்ளுக்குள்ள பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பையே கரைச்சிடும். இங்க பாருங்க, எலும்பே இல்ல. அதான் பல் தானா விழுது. ஈறுல இந்தச் சீழ் இருக்கிற வரைக்கும் சக்கரையும் லேசுல இறங்காது. ஒண்ணுக்கு ஒண்ணு தீனி போட்டுக்குது." பிறகு குரலைத் தாழ்த்தி, தாடையின் ஓரத்தில் ஒரு கோட்டைத் தொட்டாள். "ஆனா இது வேற. இது உடைஞ்சு, தானா கோணலா சேர்ந்த எலும்பு. பழசு. இத இனிப்புநீர் செய்யாது ஆண்ட்டி." அந்தக் கோட்டை நானும் விரலால் தடவினேன். 

அவள் அந்தப் பக்கம் போன பிறகு, பக்கத்துப் படுக்கைக்கு ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முனகலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. திரை முழுசாக மூடவில்லை. மூக்கு ஒரு பக்கம் படுத்திருந்தது, கன்ன எலும்பு உள்ளே போயிருந்தது. உதடு கிழிந்து தொங்கியது. உண்மையைச் சொல்கிறேன் குணா, பார்த்த முதல் நொடியில் எனக்குச் சந்தோஷம் வந்தது. வயிற்றுக்குள்ளிருந்து சூடாக வந்தது. அடுத்த நொடி, இந்தச் சந்தோஷத்துக்காகத்தானே அவர் என்னை அடித்தார் என்று தோன்றியது. அந்த ருசி எனக்கும் தெரிந்துவிட்டது. உனக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் உன் கையைக் கண்டு நீ பயப்படுகிறாய் என்று எனக்குப் புரிகிறது.

டாக்டர் என்னிடம் பேசியதில் முதல் பாதி, திரைக்கு வெளியே தள்ளுவண்டியில் காத்திருந்த உன் அப்பாவின் காதில் விழுந்திருக்க வேண்டும். புகார் எடுக்க ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, உன் அப்பா என் பக்கம் திரும்பினார். "இங்க பாரு. நான் கேஸ் குடுக்கலன்னு சொல்லிடறேன். கீழ விழுந்துட்டேன்னு சொல்லிடறேன். பையன் வாழ்க்கை போயிடும், தெரியுமில்ல? நான் வீட்டுக்கு வரேன். சரின்னு மட்டும் சொல்லு."

நீ ஸ்டேஷனில் இருப்பது எனக்குத் தெரியாது. எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். ஒரு தலையசைப்பில் உன்னைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் வாங்கியதை இன்னும் கொஞ்ச வருஷம் வாங்கினால் என்ன? தலையை ஆட்டத்தான் போனேன். அதற்குள் அவர் கிழிந்த உதட்டோடு சிரித்தார்.

"டாக்டரே சொல்லிட்டாங்கல்ல, எல்லாம் இனிப்புநீர்னு. இத்தனை வருஷமா உன் வாயில வந்த ரத்தத்துக்கெல்லாம் என்னைச் சொன்னியே. நான் என்ன, லேசா தட்டினேன். ஊர்ல யாரு தட்டல?"

எழுந்து உட்கார்ந்தேன். கையில் ஏறிய ஊசி பிடுங்கிக்கொண்டது. இரண்டு பேருக்கும் வாய் வீங்கியிருந்தது, இரண்டு பேரும் ஒரே மாதிரி குழறிக் குழறித்தான் பேசினோம். ஆனால் அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"பல்லை ஆட்டினது சக்கரை. என்னை அடிச்சது நீங்க. அந்தப் படத்துல சக்கரையும் இருக்கு, உங்க கையும் இருக்கு. உடைஞ்சு கோணலா சேர்ந்திருக்கு, போய்ப் பாருங்க. ஒண்ணுக்கு ஒண்ண மறைக்காதீங்க. நீங்க கேஸ் குடுங்க. எம்பையன் செஞ்சதுக்கு அவன் பதில் சொல்லுவான். நீங்க செஞ்சதுக்கு நானும் குடுக்கறேன்."

போலீஸ்காரர் தமிழ் தெரியாதவர். என்ன சொன்னேன் என்று தாதியிடம் கேட்டார். தாதி மலாயில் சொல்லச் சொல்ல, உன் அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று மத்தியானமே எனக்கு மயக்க மருந்து கொடுத்து, தாடைக்குக் கீழே கழுத்தில் கத்தி வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னாள். கண் விழித்தபோது கழுத்திலிருந்து ஒரு குழாய் சீழை வெளியே எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் குழாயோடுதான் நான் வாக்குமூலம் கொடுத்தேன். பெண் போலீஸ் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். அவள்தான், நீ காலையிலேயே ஸ்டேஷனுக்கு வந்து செய்ததையெல்லாம் சொல்லிவிட்டாய் என்று எனக்குச் சொன்னாள். நான் அப்போதுதான் அழுதேன். உன்னைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தும் நான் எடுக்கவில்லை என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். அந்த வழியில் போயிருந்தால், நீ வெளியே வந்து பார்க்க ஒரு அம்மா இருந்திருக்க மாட்டாள்.

நீ ஜெயிலில் இருந்த மாதங்களில் நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்காரும்போதெல்லாம், "வாய் எப்படிம்மா?" என்று கேட்பாய். என் முகத்தைப் பார்க்காமல் கேட்பாய். "பரவாயில்லப்பா" என்பேன். இப்போது சொல்கிறேன், கேள். காப்பாற்ற முடியாத பற்களைப் பிடுங்கினார்கள். மிச்சப் பற்களுக்கு அடியில், ஈறுக்குள் கம்பி விட்டுச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டும் உச்சி வரை வலித்தது, நாற்காலியின் கையைப் பிடித்துப் பிடித்து என் நகம் உடைந்தது. தினமும் இன்சுலின் குத்திக்கொண்டேன், சோற்றைக் குறைத்தேன், இனிப்புத் தண்ணியை விட்டேன். ஈறு ஆற ஆறச் சர்க்கரை இறங்கியது. சர்க்கரை இறங்க இறங்க ஈறு இறுகியது. ஒருநாள் காலையில் பல் விளக்கித் துப்பினேன். நுரை வெள்ளையாக இருந்தது. குழாயைத் திறக்காமல் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீதிமன்றம் உன் அப்பாவை என் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்தது. அவர் இன்னும் லோரி ஓட்டுகிறார். தாடை கோணலாகச் சேர்ந்துவிட்டதாம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, பாவமும் வரவில்லை.

இப்போது உன் வாய்க்கு வருகிறேன். அது நம் வீட்டு வாய் இல்லை குணா. வீட்டில் ஓடுவது இனிப்புநீர். தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது ஜாடியோடு தண்ணீர் குடித்தாய், படம் பார்க்கும் நேரத்துக்குள் மூன்று நான்கு தடவை எழுந்து போனாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருக்கிறது என்று சொல்லவில்லை. இல்லாமலும் இருக்கலாம், வெறும் அழுக்குச் சேர்ந்த ஈறாகவும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். ரத்தத்தைப் பார்த்ததும் பழைய கதையை நினைத்துச் சிரித்துவிட்டு விடாதே. நான் அதைத்தான் செய்தேன். கழுத்தில் இருக்கும் தழும்பு அதற்குத்தான்.

கைக்கும் வருகிறேன். நீ செய்தது தப்பு. அவர் அன்றைக்குச் செய்யாததற்கு அடி வாங்கினார். செய்திருந்தாலும் அது உன் வேலை இல்லை. ஆனால் அது உன் அப்பா கை இல்லை. அவர் கை ஒருநாளும் பாதியில் நின்றதில்லை, ஒருநாளும் தானாகப் போய் ஸ்டேஷனில் உட்கார்ந்ததில்லை. கோபம் வந்தால் வீட்டை விட்டு இறங்கி நட. தெருக்கோடி வரை நட, நீ இருக்கிற ஜோகூர் பாருவில் ரோட்டுக்கா பஞ்சம்? ஆனால் மலரிடம் "சண்டை கேஸ்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. யாரை, எதனால், எப்படி என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தாலி கட்டுவதற்கு முன்னால் தெரிய வேண்டும். உன் அப்பாவைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். லார்க்கின் பஸ் நிலையத்துக்கு வந்து நில். காலையில் எதுவும் சாப்பிடாதே, தே தாரிக் டீயும் வேண்டாம். வெறும் வயிற்றில்தான் ரத்தம் எடுப்பார்கள். அது முடிந்ததும் பல் கிளினிக். மலரையும் வரச் சொல்லிவிட்டேன், சரி என்றாள். பல் கிளினிக்கில் எப்போதும் கூட்டம், பெயர் கூப்பிட நேரமாகும். அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல். ஹெல்மெட்டை எடுத்ததிலிருந்து சொல், எதையும் குறைக்காதே. நான் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். கேட்டுவிட்டு அவள் எழுந்து போனால் தடுக்காதே. எழுந்து போகவில்லையென்றால், மூன்று பேருமாகப் புடவைக் கடைக்குப் போவோம்.

அம்மா